வகுப்பில் கவனம், வீட்டில் தொடக்கம்

தில்லியில் முப்பது ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஞாயிறு காலைகளில் நம் பிள்ளைகள் சிலருக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். அண்மையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனை, அப்போதுதான் நான் படித்துக் காட்டிய வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அது எந்த வரி என்று தெரியவில்லை. "ராத்திரி ரீல்ஸ் பார்த்துக்கிட்டே இருந்துட்டேன் சார், மணி ரெண்டாயிடுச்சு" என்றான்.

உண்மையைச் சொன்ன அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இதை வெறும் சோம்பல் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது முன்னதன் எச்சம் மனத்தில் தங்கிவிடுகிறது என்று 2009-இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் விளக்கினார். கவனம் ஒருமுறை சிதறினால் மாணவர் பாடத்துக்குத் திரும்ப 20 நிமிடம் வரை ஆகலாம் என்கிறது யுனெஸ்கோவின் 2023 கல்வி அறிக்கை. நாற்பது நிமிடப் பாடவேளையில் அது சரிபாதி அல்லவா?

வகுப்பறையில் கைபேசி கூடாது என்று தில்லிக் கல்வி இயக்ககம் 2023-இல் பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. நல்லதுதான். ஆனால் பள்ளி வாசலில் கைபேசியைத் தடுக்கலாம். தூங்காத கண்களைத் தடுக்க முடியுமா? 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. ரீல்ஸுக்கு அது கிடையாது. ஆகவே, நிறுத்தும் நேரத்தை நாம்தான் வைக்க வேண்டும்.

கைபேசியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளியூரில் வாழும் நமக்கு, ஊரிலுள்ள பாட்டியின் முகம் தெரிவதே அதில்தான். ஆனால் என் பேரனிடம் இதைப் பற்றிப் பேசியபோது, "தாத்தா, சாப்பிடும்போதுகூட நீங்க வாட்ஸ்அப் பார்க்கறீங்களே?" என்று கேட்டுவிட்டான். எனக்குப் பதில் இல்லை.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்தோம். ஊருக்குப் பேசுவதெல்லாம் இரவு ஒன்பதுக்குள். பிறகு என்னுடையது உட்பட எல்லாக் கைபேசிகளும் கூடத்து அலமாரிக்குப் போய்விடும். காலையில் எழுப்ப ஒரு பழைய அலாரம் கடிகாரம். பேரன் படிக்கும் நேரத்திலும் அவன் கைபேசி அடுத்த அறையில்தான். 2017-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் உள்ளிட்டோர் வெளியிட்ட சோதனையில், கைபேசியை ஒலியடக்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தவர்களைவிட, வேறு அறையில் விட்டு வந்தவர்களே கவனம் தேவைப்படும் தேர்வுகளை நன்றாகச் செய்தார்கள். பின்னர் நடந்த எல்லா ஆய்வுகளும் இதையே காட்டவில்லை என்றாலும், செய்து பார்ப்பதில் நமக்கு நட்டம் ஒன்றுமில்லை.

முதல் வாரம் பேரன் முணுமுணுத்தான். உண்மையைச் சொன்னால், அவனைவிட நான்தான் அதிகம் தவித்தேன். பெற்றோர்களே, பிள்ளைக்கு விதி வைக்கும் முன் நம் கைபேசியை முதலில் அலமாரியில் வைப்போம்.