தயிரும் மாத்திரையும்: பெண்ணுறுப்பு நலத்தில் நல்ல பாக்டீரியாக்களின் பங்கு

வெள்ளைப்படுதலுக்காக மகளிர் நலப் பிரிவுக்கு வரும் பெண்களில் பலர், ஏதேனும் ஒரு கைவைத்தியத்தைச் செய்து பார்த்த பின்னரே மருத்துவரிடம் வருகிறார்கள். சிலர் நாள்தோறும் மோர் குடித்திருப்பார்கள். சிலர் வேப்பிலை கொதிக்கவைத்த நீரால் கழுவியிருப்பார்கள். அண்மைக் காலமாக, மருந்துக்கடையிலோ இணையத்திலோ வாங்கிய ‘புரோபயாட்டிக்’ மாத்திரையின் அட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டுபவர்களும் உண்டு. “இதைச் சாப்பிட்டால் போதுமா, டாக்டர்?” என்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு ஆம், இல்லை என ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஆகவே இந்த இதழில் அதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

நோயற்ற உறுப்பு என்றால் கிருமிகளே இல்லாத உறுப்பு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். யோனியைப் பொறுத்தவரை இது தவறு. 1892-ஆம் ஆண்டில் ஆல்பர்ட் டோடர்லைன் என்னும் ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர், நலமாக உள்ள பெண்களின் யோனிக் கசிவில் கோல் வடிவப் பாக்டீரியாக்கள் நிறைந்திருப்பதை விவரித்தார். இன்று நாம் லாக்டோபேசில்லஸ் என்று அழைக்கும் இனத்தைச் சேர்ந்தவை அவை. பாலைத் தயிராக்கும் அதே லாக்டிக் அமிலத்தை அவை யோனியிலும் உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்புத்தான் உறுப்பின் காவல். பி.எச். அளவு ஏறக்குறைய 3.8 முதல் 4.5 வரை இருக்கும்போது, தீங்கு செய்யும் பாக்டீரியாக்கள் பெருகுவது கடினம்.

இந்தப் பாக்டீரியாக்களுக்கு உணவு எங்கிருந்து கிடைக்கிறது? பெண் பருவமடைந்ததும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் தூண்டுதலால் யோனிச் சுவரின் உயிரணுக்களில் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் சேர்கிறது. உதிரும் அணுக்களிலிருந்து வெளிப்படும் இப்பொருள் சிதைந்து அவற்றுக்கு உணவாகிறது. பாலூட்டும் காலத்திலும் மாதவிடாய் நின்ற பின்னரும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இந்த உணவும் குறைகிறது; புளிப்புத் தன்மை தளர்ந்து, வறட்சியும் எரிச்சலும் தோன்றுகின்றன.

நிறமற்றோ இலேசான வெண்மையாகவோ, துர்நாற்றமும் அரிப்பும் இன்றி வரும் கசிவு இயல்பானது. மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் அது மிகுவதும் இயல்பே. இதனால் உடல் உருகிவிடும், எலும்பு தேய்ந்துவிடும் என்று சொல்லி இளம்பெண்களை அச்சுறுத்தும் பழக்கம் நம்மிடையே இன்னும் உள்ளது. அதற்கு அடிப்படை எதுவும் இல்லை என்பதை வீட்டிலுள்ள மூத்தோர் அறிந்துகொள்ள வேண்டும்.

கசிவு நோயின் அறிகுறியாகும்போதும் காரணம் ஒன்றே அன்று. மீன் வாடையுடன் சாம்பல் நிறத்தில் நீர்த்து வருவது பெரும்பாலும் ‘பாக்டீரியல் வஜைனோசிஸ்’ என்னும் நிலை. இதில் லாக்டோபேசில்லஸ் குறைந்து, கார்ட்னெரெல்லா முதலிய வேறு பாக்டீரியாக்கள் பெருகுகின்றன, பி.எச். 4.5-க்கு மேல் ஏறுகிறது. திரிந்த பால் போன்ற கெட்டியான கசிவும் கடும் அரிப்பும் இருந்தால் அது கேண்டிடா என்னும் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். இங்கே பி.எச். பெரும்பாலும் மாறுவதில்லை, லாக்டோபேசில்லஸ் போதிய அளவில் இருக்கும்போதே பூஞ்சையும் வளரக்கூடும். இவையன்றி, உடலுறவால் பரவும் டிரைக்கோமோனாஸ் போன்ற தொற்றுகளும் உள்ளன. இவை அனைத்தையும் வீட்டில் ‘வெள்ளைப்படுதல்’ என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். ஒரே மாத்திரை எல்லாவற்றுக்கும் தீர்வாகாது என்று நாங்கள் கூறுவது இதனால்தான்.

போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயாட்டிக். நம் வீட்டுத் தயிரிலும் உயிருள்ள பாக்டீரியாக்கள் உண்டு; ஆயினும் பாலில் வளரும் வகைகள் வேறு, யோனியில் குடியிருக்கும் வகைகள் வேறு. யோனிக்குச் சிறந்த காவலன் எனக் கருதப்படும் லாக்டோபேசில்லஸ் கிறிஸ்பேட்டஸ் என்னும் வகையைத் தயிரில் எதிர்பார்க்க முடியாது. இட்லி மாவு புளிப்பதும் பாக்டீரியாக்களால்தான். ஆனால் இட்லியாக வெந்து வரும்போது அவை இறந்துவிடுகின்றன. பழைய சோற்று நீராகாரத்தில் அவை உயிருடன் இருக்கும். இவை யாவும் நல்ல உணவுகள், தாராளமாக உண்ணலாம். யோனித் தொற்றுக்கு மருந்து என்று மட்டும் இவற்றைக் கொள்ளலாகாது.

மாத்திரைகளின் நிலை என்ன? வாய்வழி உட்கொள்ளும் பாக்டீரியா வயிற்றின் அமிலத்தைத் தாண்டி, குடல் முழுவதும் பயணம் செய்து, மலவாயிலிருந்து யோனியை அடைந்து அங்கே நிலைகொள்ள வேண்டும். ரம்னோசஸ் ஜிஆர்-1, ரியூட்டரி ஆர்சி-14 என்னும் இரு வகைகள் இவ்வாறு நெடுங்காலம் ஆராயப்பட்டன. முடிவுகள் ஒருமித்து அமையவில்லை. ஆன்டிபயாட்டிக் உண்ணும் பெண்களுக்குப் பூஞ்சைத் தொற்று வராமல் தடுக்குமா என ஆஸ்திரேலியாவில் லாக்டோபேசில்லஸைச் சோதித்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். வாய்வழி கொடுத்தபோதும் யோனியில் வைத்தபோதும் அது தடுக்கவில்லை.

நம்பிக்கை தரும் ஆய்வும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பாக்டீரியல் வஜைனோசிஸ் கண்ட 228 பெண்களுக்கு முதலில் மெட்ரோனிடசோல் களிம்பால் சிகிச்சை அளித்து, பின்னர் ஒரு பகுதியினருக்குக் கிறிஸ்பேட்டஸ் பாக்டீரியாவை யோனியிலேயே செலுத்தினார்கள். மற்றவர்களுக்கு மருந்தற்ற போலித் தூள். 12 வாரங்களுக்குள் நோய் மீண்டும் வந்தது முதல் பிரிவில் 30 விழுக்காட்டினருக்கு, மற்றப் பிரிவில் 45 விழுக்காட்டினருக்கு. 2020-இல் வெளியான இந்த ஆய்வு, தக்க வகையைத் தக்க இடத்தில் சேர்த்தால் பயன் உண்டு என்று காட்டியது. ஆனால் இரண்டு குறிப்புகளைத் தவறவிடலாகாது. அவர்கள் எல்லோருமே முதலில் ஆன்டிபயாட்டிக் பெற்றவர்கள்; பாக்டீரியா அதன் பின்னர் வந்த துணை. மேலும், அந்தத் தயாரிப்பும் நம் மருந்துக்கடையில் ‘பெண்களுக்கானது’ என்று இளஞ்சிவப்புப் பெட்டியில் விற்கப்படுவதும் ஒன்றல்ல. பெட்டியைப் புரட்டி, அதில் உள்ள பாக்டீரியாவின் வகைப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ‘லாக்டோபேசில்லஸ்’ என்று பொதுவாக மட்டும் அச்சிட்டிருந்தால் அதற்குப் பணம் செலவிட வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

பிரீபயாட்டிக் என்பது பாக்டீரியாக்களுக்கான உணவு. வெங்காயம், பூண்டு, வாழைப்பழம், பருப்பு வகைகள் ஆகியவற்றிலுள்ள செரிக்காத நார்கள் குடல் பாக்டீரியாக்களை வளர்க்கின்றன. அவற்றை உண்பதால் யோனியின் பாக்டீரியாக்கள் பெருகும் என்று உறுதியாகக் கூறச் சான்றில்லை. யோனிக்கு உடலே தரும் பிரீபயாட்டிக் என்று கிளைக்கோஜனைச் சொல்லலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மருத்துவர் எழுதித்தரும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு அந்த உணவை மீட்டுத் தருவதால், லாக்டோபேசில்லஸும் திரும்புகிறது. அறுபது வயதுத் தாய்க்கு விலையுயர்ந்த மாத்திரை வாங்கித் தரும் பிள்ளைகள், முதலில் இதைப் பற்றிக் கேட்பது நன்று. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் மருத்துவரின் ஒப்புதலின்றி இக்களிம்பைப் பயன்படுத்தக் கூடாது.

நல்ல பாக்டீரியாக்களைச் சேர்ப்பதைவிட, இருப்பவற்றைக் கழுவி வெளியேற்றாமல் இருப்பது எளிது. யோனியின் உட்புறம் தானே தூய்மை செய்துகொள்ளும். டெட்டால், வினிகர், வேப்பநீர், நறுமணத் திரவம் எதையும் உள்ளே பாய்ச்ச வேண்டாம். வெளிப்புறத்தை வெறும் நீரால் கழுவினால் போதும். தயிரில் நனைத்த பஞ்சு, பூண்டுப் பல் ஆகியவற்றை உள்ளே வைக்கச் சொல்லும் காணொளிகளும் உலவுகின்றன. அவை புண்ணையும் எரிச்சலையும் உண்டாக்கும்.

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு சொல். இரத்தச் சர்க்கரை மிகுந்தால் பூஞ்சைத் தொற்று அடிக்கடி வரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் அவையும் இதற்குக் காரணமாகலாம். தாமாக நிறுத்திவிடாமல், மருத்துவரிடம் தெரிவியுங்கள். கீமோதெரபி பெறுவோரும், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்போரும், பெரிய இரத்தக்குழாயில் குழாய் பொருத்தப்பட்டவர்களும் மருத்துவரைக் கேளாமல் புரோபயாட்டிக் உட்கொள்ளலாகாது. உயிருள்ள பாக்டீரியா என்பதால், அரிதாக அது இரத்தத்திலேயே தொற்றாக மாறியதுண்டு.

இக்கட்டுரையைக் கணவர்களும் படிப்பார்கள் என்று நம்புகிறோம். பாக்டீரியல் வஜைனோசிஸ் மீண்டும் மீண்டும் வரும்போது, மனைவி தூய்மையாக இல்லை என்று பழி சொல்லும் வீடுகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் நடந்து 2025-இல் வெளியான ஆய்வில், மனைவிக்கு மட்டும் சிகிச்சை அளித்தபோது 12 வாரங்களுக்குள் 63 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. துணைவருக்கும் ஒரு வாரம் மாத்திரையும் களிம்பும் கொடுத்தபோது அது 35 விழுக்காடாகக் குறைந்தது. அடிக்கடி நோய் திரும்பும் பெண்ணின் கணவர், வெளியே காத்திருக்காமல் உடன் வந்து மருத்துவரிடம் பேசுவது பயன் தரும்.

இரத்தம் கலந்த கசிவு, உடலுறவுக்குப் பின் இரத்தம், மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பின் ஒரு துளியேனும் உதிரம், அடிவயிற்று வலியுடன் காய்ச்சல் ஆகியவை இருந்தால் மோரையும் மாத்திரையையும் நம்பி ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். கருப்பை வாய்ப் புற்றுநோயும் தொடக்கத்தில் ‘வெறும் வெள்ளைப்படுதல்’ போலவே தோன்றக்கூடும். கருவுற்ற பெண்களுக்கு நாற்றமுள்ள கசிவு இருந்தால் அடுத்த பரிசோதனை நாள் வரை பொறுக்காமல் வந்துவிடுங்கள். பாக்டீரியல் வஜைனோசிஸுக்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் தொடர்பு உண்டு.

பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். கசிவைப் பஞ்சுக் குச்சியால் எடுத்து, பி.எச். தாளிலும் நுண்ணோக்கியிலும் பார்ப்பார்கள். பெண் மருத்துவர்தான் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே கூறலாம். வருவதற்கு முந்திய நாள் களிம்போ யோனி மாத்திரையோ வைக்காதீர்கள். உட்புறம் கழுவவும் வேண்டாம். இதுவரை பயன்படுத்திய மருந்துகளின் அட்டைகளையும் புரோபயாட்டிக் பெட்டியையும் மறவாமல் எடுத்து வாருங்கள்.