பிள்ளையை யாரிடம் விட்டு வேலைக்குப் போவது?

வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்த மறுவாரமே உறவினர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: "லீவு முடிஞ்சதும் பிள்ளைய யாருகிட்ட விடப் போற?" 2023 ஜனவரி முதல் நம் நாட்டில் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகக் கூடியிருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் 99-வது நாள் காலையில், கழுத்து நின்றும் நிற்காத அந்தக் குழந்தையை யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் நாம் கிளம்பியாக வேண்டும்.

ஜொகூர் பாருவில் இந்தக் கவலை இன்னும் ஒரு படி அதிகம். தினமும் லட்சக்கணக்கானோர் காஸ்வேயையும் துவாஸ் இரண்டாவது பாலத்தையும் கடந்து போய் வருகிறார்கள். விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் மோட்டாரை எடுத்தால்தான் நெரிசலுக்கு முன் உட்லண்ட்ஸ் போய்ச் சேர முடியும். கணவன் மனைவி இருவருமே சிங்கப்பூரில் வேலை செய்தால், பிள்ளை பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் வேறொருவர் பொறுப்பில் இருக்கிறது. அதுவும் பெற்றோர் இருவரும் வேறு நாட்டில் இருக்கும்போது.

எனக்கு இரண்டு பிள்ளைகள். இருவருக்காகவும் ஸ்கூடாய் சுற்றுவட்டாரத்தில் ஏழு வீடுகளுக்கும் மூன்று தாஸ்காக்களுக்கும் ஏறி இறங்கியிருக்கிறேன். அப்போது பார்த்ததையும் கேட்டதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும், இப்போது தேடிக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

ஆயக்கொட்டகை முதல் தாமான் வீடு வரை

பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போவது நமக்குப் புதிதல்ல. குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் பக்கத்துத் தோட்டங்களில் நம் பாட்டிமார் இருட்டிலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பெரட்டுக்குப் போனார்கள். வரிசையாகத் தொட்டில்கள். பிள்ளை பார்க்க ஓர் ஆயா. பெரிய வசதி இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பிள்ளை அழுதாலும் லயத்தில் இருந்த யாராவது ஒருவர் காதில் விழும். ஆயா எப்படிப்பட்டவர் என்பதும் தோட்டம் முழுக்கத் தெரியும்.

தாமான் வீட்டில் அந்தக் காவல் இல்லை. கிரில் கேட்டைப் பூட்டினால் உள்ளே என்ன நடக்கிறது என்று அடுத்த வீட்டுக்குக்கூடத் தெரியாது. அன்று தோட்டமே பார்த்துக்கொண்ட வேலையை இன்று பெற்றோர் தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

சட்டம் எங்கே தொடங்குகிறது?

1984-ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம், அதாவது சட்டம் 308, தாஸ்காக்களுக்கான சட்டம். நான்கு வயதுக்குட்பட்ட, வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த நான்கு பிள்ளைகளையோ அதற்கு மேலோ பணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் இடம் சமூக நல இலாகாவில், அதாவது ஜேகேஎம்மில், பதிவு செய்திருக்க வேண்டும். ஒருவர் தம் வீட்டிலேயே நான்கு முதல் ஒன்பது பிள்ளைகள் வரை பார்த்தால் அது வீட்டுத் தாஸ்கா. பத்தும் அதற்கு மேலும் என்றால் அது நிறுவனத் தாஸ்கா.

ஓர் ஆள் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கலாம் என்பதற்கும் விதி உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்றால் மூன்று பேருக்கு ஒருவர். ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்து பேருக்கு ஒருவர். மூன்று முதல் நான்கு வயது வரை பத்துப் பேருக்கு ஒருவர். தாஸ்காவுக்குள் நுழைந்ததும் நான் முதலில் செய்தது தலைகளை எண்ணியதுதான். ஆறு கைக்குழந்தைகள், ஒரே ஒரு பணிப்பெண் என்றால் மேற்கொண்டு பேசத் தேவையில்லை. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அதில் உள்ள முகவரியும் நீங்கள் நிற்கும் இடமும் ஒன்றா, சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டதா என்று பாருங்கள். பதிவு பெற்ற தாஸ்காவில் கட்டும் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்குக் கோரலாம் என்பதால், உள்ளூரில் வேலை செய்பவர்கள் ரசீதைப் பத்திரப்படுத்தி வைப்பது நல்லது.

நம்மில் பலர் பிள்ளையை விடுவது தாஸ்காவில் அல்ல. அடுத்த வரிசையில் இருக்கும் ஆண்டி, கோயிலில் பழக்கமான அக்கா, தூரத்துச் சொந்தத்தில் ஒரு பாட்டி. இவர்கள் இரண்டு, மூன்று பிள்ளைகளைத்தான் பார்க்கிறார்கள். தாஸ்கா சட்டம் நான்காவது பிள்ளையில்தான் தொடங்குகிறது. மூன்று பிள்ளைகள் வரை பார்க்கும் வீட்டை அதிகாரி யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை. அந்தச் சோதனையை நாம்தான் செய்ய வேண்டும்.

2018 ஜூலையில் சிலாங்கூர், பத்து கேவ்ஸில் ஐந்து மாதக் குழந்தை ஒன்றின் உடல், அதைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் கண்டெடுக்கப்பட்டதை நாடே மறந்திருக்காது. 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 31-வது பிரிவு, பிள்ளையைக் கொடுமைப்படுத்துவோருக்கும் கவனிக்காமல் விடுவோருக்கும் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்க இடம் தருகிறது. கடுமையான தண்டனைதான். ஆனால் அது நடந்து முடிந்த பிறகு வருவது.

நேரில் போய்ப் பாருங்கள்

போனில் பேசி முடிவு செய்யாதீர்கள். முதல் முறை சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டாம் முறை வேறொரு நேரத்தில், பிள்ளைகள் அங்கே இருக்கும்போது போங்கள். காலை பதினொரு மணி நல்ல நேரம். சமையல், பால், குளியல் எல்லாம் ஒன்றாகச் சேரும் நேரம் அது. களைத்திருக்கும்போது ஒருவர் பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறார் என்பது அப்போது தெரிந்துவிடும்.

வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பிள்ளை பார்க்கும் ஆண்டி நல்லவராக இருக்கலாம். பகலில் வீட்டில் இருக்கும் மற்றவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், அடிக்கடி வந்து போகிறவர்கள் யார் என்பதும் நமக்குத் தெரிய வேண்டும். சிறார் மீதான குற்றங்களில் தண்டிக்கப்பட்டவர்களின் பதிவேடு ஒன்றை ஜேகேஎம் வைத்திருக்கிறது. 2019 முதல், பிள்ளையை ஒப்படைக்கப் போகும் ஆளின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கொடுத்து, பெற்றோர் அதில் சரிபார்த்துத் தரச் சொல்லலாம். பதிவேட்டில் பெயர் இல்லாதது மட்டுமே நற்சான்று ஆகிவிடாது. தண்டனை பெற்றவர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள்.

பிறகு வீட்டைப் பாருங்கள். குளியலறையில் நீர் நிரம்பிய வாளி திறந்து கிடக்கிறதா? சமையலறைக்குத் தடுப்பு உண்டா? கிரில் சாவி அவசரத்தில் கைக்கு எட்டும் இடத்தில் தொங்குகிறதா? மாடி வீடு என்றால் ஜன்னலோரம் நாற்காலி கிடக்கிறதா? குழந்தை படுக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கைக்குழந்தையைச் சமமான, அழுத்தமான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தலையணை, தடித்த போர்வை, பொம்மை எதுவும் அருகில் இருக்கக் கூடாது. "குப்புறப் படுத்தா நல்லா தூங்கும்" என்று சொல்பவர் அனுபவசாலியாக இருக்கலாம். ஆனால் அந்தப் பழக்கம் ஆபத்தானது.

கேட்க வேண்டியவை

'உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம்?' என்ற கேள்விக்கு எல்லோரிடமும் நல்ல பதில் இருக்கும். அதனால் நான் நடந்ததைக் கேட்டேன். "போன முறை ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்போ என்ன செஞ்சீங்க?" "பிள்ளை ஒரு மணி நேரமா அழுதுகிட்டே இருந்தா என்ன செய்வீங்க?" கடைசிக் கேள்விக்கான பதில் மிக முக்கியம். "தொட்டிலில் போட்டுட்டு ரெண்டு நிமிஷம் தள்ளி நிப்பேன், உங்களுக்குப் போன் போடுவேன்" என்பவரை நம்பலாம். எரிச்சலில் கைக்குழந்தையைப் பிடித்துக் குலுக்கினால் மூளையில் இரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இதைப் பலர் அறிந்திருப்பதில்லை. நாமே எடுத்துச் சொல்ல வேண்டும்.

பால் கொடுக்கும் முறையைக் கேளுங்கள். புட்டியை முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால் பால் புரையேறும். மடியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும், குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடவைக்க வேண்டும். ஒரு வயது ஆகும் முன் தேன் தரக் கூடாது. தூங்கவைப்பதற்காக இருமல் மருந்து தரவே கூடாது. நாம் எழுதிக் கொடுக்காத எந்த மருந்தும் பிள்ளைக்குப் போகக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கை, கால், வாய்ப்புண் நோய் ஒரு பிள்ளைக்கு வந்தால் மற்றவர்களை என்ன செய்வார்கள் என்பதையும் கேளுங்கள்.

இப்போதும், முன்பும் அவரிடம் பிள்ளை விட்ட இரண்டு குடும்பங்களின் தொலைபேசி எண்களை வாங்குங்கள். அவர்களிடம் 'நல்லவரா?' என்று கேட்டால் 'நல்லவர்' என்றுதான் பதில் வரும். 'ஏன் நிறுத்தினீங்க?' என்று கேளுங்கள்.

நான் கடைசியில் தேர்ந்தெடுத்த அக்கா, நான் கேட்டதைவிட அதிகமாக என்னைக் கேட்டார். "பிள்ளை எத்தனை மணிக்குப் பால் குடிக்கும்? எதுவும் ஒத்துக்காம இருக்கா? உங்களுக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் லைன் கிடைக்கலன்னா நான் யாருக்கு அடிக்கணும்?" மூன்றாவது கேள்வியைக் கேட்டவர் அந்த ஏழு வீடுகளில் அவர் ஒருவர்தான்.

நாம் எட்டாத தூரத்தில் இருந்தால்

அந்தக் கேள்வி ஜொகூர்க்காரர்களுக்கு மிகவும் பொருந்தும். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அன்று பிள்ளையை அங்கே விட்டிருந்த பெற்றோர் எல்லோராலும் உடனே ஓடிவர முடிந்திருக்காது. அடுத்த ஆண்டு 2020 மார்ச் 18-இல் எல்லை மூடப்பட்டது. சிங்கப்பூரில் தங்கிவிட்ட பலர், 2021 நவம்பர் இறுதியில் தரைவழித் தடுப்பூசிப் பயணத் திட்டம் வரும் வரை பிள்ளைகளைத் திரையில்தான் பார்த்தார்கள்.

அதனால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பெற்றோர் இருவரின் எண்கள், அலுவலக எண், காஸ்வேக்கு இந்தப் பக்கம் இருக்கும், அரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய ஓர் உறவினரின் எண், பிள்ளைக்கு ஒவ்வாத மருந்து, வழக்கமாகப் போகும் கிளினிக். அவசரம் என்றால் 999-ஐ அழைக்க வேண்டும் என்பதையும், ஹாஸ்பிட்டல் சுல்தானா அமினாவா, ஹாஸ்பிட்டல் சுல்தான் இஸ்மாயிலா, எது பக்கம் என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள். பிறப்புப் பத்திர நகலும் கிளினிக் ரெக்கார்டு புத்தக நகலும் அவரிடம் இருக்கட்டும். பிள்ளையை யார் யார் வந்து அழைத்துப் போகலாம் என்ற பட்டியலும் வேண்டும். அதில் இல்லாதவர் சொந்த மாமாவாக இருந்தாலும், நம்மிடம் போனில் கேட்காமல் அனுப்பக் கூடாது.

விட்ட பிறகும்

முதல் வாரம் ஒரே மூச்சாக விடாமல் இரண்டு மணி நேரம், அரை நாள், முழு நாள் என்று கூட்டிக்கொண்டு போங்கள். முதல் சில நாள் பிள்ளை அழுவது இயல்பு. பல வாரம் கழித்துத் திடீரென அந்த வாசலைக் கண்டாலே மிரண்டால், காரணம் தெரியாத காயம் இருந்தால், உடையும் டயப்பரும் மாலையில் காலையில் விட்டபடியே இருந்தால், எடை குறைந்தால் உடனே கவனியுங்கள். மாலையில் குளிப்பாட்டும்போது உடம்பைத் தலை முதல் கால் வரை பார்ப்பது ஐந்து நிமிட வேலை. பேசத் தெரிந்த பிள்ளையிடம் "இன்னிக்கு என்ன விளையாடின, யார் வந்தாங்க?" என்று கேட்கலாம். சந்தேகம் வலுத்தால் பிள்ளையை அன்றே அழைத்து வந்துவிடுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் தாலியான் காசே எண் 15999. 'சொந்தக்காரங்க, மனஸ்தாபம் வந்துடுமே' என்று தயங்குவதற்கு இது இடமல்ல.

அவர் பக்கமும் பார்ப்போம்

பிள்ளை பார்ப்பவரை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதும் பிள்ளையின் பாதுகாப்பில் சேர்ந்ததுதான். ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு எட்டரைக்கு வருவது, மாதச் சம்பளத்தை இழுத்தடிப்பது, காய்ச்சலோடு பிள்ளையைச் சொல்லாமல் விட்டுப் போவது, பிள்ளை தூங்கும் நேரத்தில் துணி துவைக்கச் சொல்வது, இதெல்லாம் நம் வட்டாரத்தில் நடக்கிறது. ஓய்வில்லாமல் களைத்துப்போனவர் கையில் எந்தப் பிள்ளையும் பத்திரமாக இருக்க முடியாது. நேரம், சம்பளம், தாமதமானால் கூடுதல் கட்டணம், தீபாவளி, பொங்கல் விடுமுறை, அவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் மாற்று ஏற்பாடு ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் என்றால் இது இன்னும் அவசியம். எழுதி வைத்தால் மனஸ்தாபம் குறையும்.

நேரில் போய்ப் பாருங்கள், கேளுங்கள், எழுதிக் கொடுங்கள், விட்ட பிறகும் மாலைதோறும் கவனியுங்கள். இவ்வளவும் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். பிள்ளையை நல்லபடியாகப் பார்த்துக்கொள்பவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.