குட்டி யானைக்குக் கைவைத்தியம்

அலங்காநல்லூர் வாடிவாசலுக்கு வருகிற காளைகளில் நிறைய குட்டி யானையில்தான் வந்து இறங்கும். முதல் நாள் ராத்திரியே வண்டிகள் சாரை சாரையாக நிற்கும். அந்த வரிசையில் ஒரு நடை நடந்து பாருங்கள். கண்ணாடியில் காளை ஸ்டிக்கர், பம்பரில் கலர் லைட்டு, காதைப் பிளக்கும் ஹாரன் எல்லாம் இருக்கும். முன்விளக்கு மட்டும் அகல்விளக்கு மாதிரி எரியும். பழைய வண்டிக்குச் செலவு செய்கிற வரிசையை நம் ஆட்கள் தலைகீழாக வைத்திருக்கிறார்கள் என்பது என் கட்சி.

குட்டி யானை என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸ் 2005-ல் சந்தைக்கு வந்தது. சீட்டைத் தூக்கினால் இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். 702 சிசி, 16 குதிரைத்திறன். முக்கால் டன் ஏற்றுவதற்கென்று செய்த வண்டி. நாம் ஏற்றுவது வேறு கதை. பழைய மாடலில் எலெக்ட்ரானிக்ஸ் தொல்லை கிடையாது என்பதால் ஸ்பேனர் செட்டும் டெஸ்ட் லேம்ப்பும் இருந்தால் வீட்டு வாசலிலேயே நிறைய வேலை பார்க்கலாம்.

முதல் காசு விளக்குக்குப் போகட்டும். 60 வாட் பல்பு இரண்டு எரிய, 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் கரண்ட் வேண்டும். பச்சை பூத்த பழைய வயரும் தேய்ந்த ஸ்விட்சும் வழியிலேயே வோல்டேஜைக் குடித்துவிடும். அதற்காக 100 வாட் பல்பு மாட்டினால் ஹோல்டர்தான் உருகும். மாட்ட வேண்டியது ரிலே. அதன் காலில் 85, 86, 30, 87 என்று நம்பர் இருக்கும். பல்புக்குப் போன பழைய வயரை 86-ல் கொடுங்கள், 85-ஐ பாடியில் எர்த் பண்ணுங்கள். பேட்டரி பிளஸிலிருந்து தடித்த வயர், 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30-க்கு, 87-லிருந்து பல்புக்கு. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து வெறும் இரும்பு தெரிய வேண்டும். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். பேட்டரி மைனஸைக் கழற்றாமல் எதிலும் கை வைக்காதீர்கள்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. வெறும் மூடி என்று நினைப்பார்கள். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் பார்த்துக்கொள்வது அதுதான். எஞ்சின் நன்றாக ஆறியபின் கழற்றி, அடியிலுள்ள ரப்பர் வளையத்தை விரலால் தடவுங்கள். வெடிப்போ பள்ளமோ தட்டுப்பட்டால், ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், அதே அழுத்த அளவுள்ள புது மூடி வாங்கிவிடுங்கள். சித்திரை வெயிலில் லோடோடு ஹெட் கேஸ்கட் போனால் ஆகும் செலவுக்கு முன்னால் இது டீச்செலவு. நம் மதுரையில் தொழிலை வளர்த்த டி.வி.எஸ். குடும்பத்தின் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ், 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது. நாம் என்னடாவென்றால் மூடி லூஸானால் துணி சுற்றி ஓட்டுகிறோம்.

காளை ஏற்றுகிறவர்கள் தளத்தைக் கவனியுங்கள். இரும்புத் தகட்டில் குளம்பு வழுக்கும். ஒருமுறை வழுக்கிய மாடு அடுத்தமுறை வண்டி ஏற அடம்பிடிக்கும். மாட்டுத் தொழுவத்துக்கு விற்கிற ரப்பர் மேட்டை அளவுக்கு வெட்டிப் போட்டு, மேலே வைக்கோல் பரப்பினால் போதும். ஆனால் மாடு இறங்கியதும் மேட்டைத் தூக்கி அடியில் தண்ணீர் அடிக்க வேண்டும். மூத்திரம் தேங்கினால் தகடு துருவேறிப் பொத்துப்போகும்.

லோடு தாங்கட்டும் என்று ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பட்டை கூடினால் பிரேக் கூடிவிடுமா? காலியாக வரும்போது வண்டி தூக்கித் தூக்கிப் போடுவதுதான் மிச்சம். ஆர்.சி. புத்தகத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் தடுக்கிறது. தேய்ந்த புஷ்ஷை மாற்றி, ஒழுங்காக கிரீஸ் அடித்தாலே பாதிச் சத்தம் நின்றுவிடும்.

ஒளிரும் ஸ்டிக்கர் பட்டை எஃப்.சி.க்குக் கட்டாயம்: முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். தூசியைத் துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள், இல்லையென்றால் உரிந்து வரும். இருட்டில் கரும்பு லோடோடு ரோட்டோரம் நிற்கிற வண்டிக்கு அதுதான் காவல்.

பிரேக், ஸ்டியரிங் இரண்டையும் மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். தெருவில் கூட வருகிறவர்களின் உயிரும் அதில் இருக்கிறது.