அம்மாக்கள் சரிபார்க்கும் கணக்கு

தராசைப் பிடித்திருப்பவனுக்கு எட்டு வயது. ஒரு தட்டில் எடைக்கல், மறு தட்டில் தக்காளி. அரைக் கிலோ கேட்ட பக்கத்து வீட்டு அம்மா நோட்டை நீட்டிவிட்டு, முள் நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்க்கிறார். மீதிச் சில்லறையையும் விடாமல் எண்ணிக்கொள்கிறார். சற்றுத் தள்ளி, ஊர்ப் பெரியவர் ஒருவரைச் சுவரோடு நிறுத்தி உயரம் அளக்கிறார்கள் இரண்டு சிறுமிகள். 'மெட்ரிக் மேளா' நடக்கும் நாளில் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் காணும் காட்சி இது. கடைக்காரர்கள் மாணவர்கள், வாடிக்கையாளர்கள் பெற்றோர்.

சென்னையிலிருந்து புத்தூர், வடமாலபேட்டை, திருப்பதி என்று வரும் சாலையில் இன்னும் மேற்கே போனால் மதனப்பள்ளி. ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர். அதற்குப் பக்கத்தில் அவர் பெயரோடு சேர்ந்த ரிஷிவேலி உறைவிடப் பள்ளியை நாடே அறியும். சுற்றியுள்ள கிராமங்களில் அது நடத்தும் ஓராசிரியர் பள்ளிகளுக்கு அந்தப் புகழ் இல்லை. ஆனால் விஷயம் இருப்பது அங்கேதான்.

ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புகள். 1980-களில் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்த பத்மநாப ராவ் - ரமா தம்பதி, பாடப் புத்தகத்தையே பிரித்துச் சிறு சிறு அட்டைகளாக்கினார்கள். எந்த அட்டைக்குப் பின் எது என்பதைக் காட்டும் 'ஏணி' சுவரில் இருக்கும். குழந்தை தன் படியைத் தானே கண்டுபிடித்து அட்டையை எடுத்துக்கொள்ளும். நிலக்கடலை பறிக்கவோ, ஆடு மேய்க்கவோ போய் இரண்டு வாரம் கழித்து வந்தாலும் பாதகமில்லை. விட்ட அட்டையிலிருந்து தொடரலாம்.

ஆனால் வீட்டில் என்ன சொல்வது? "எத்தனாவது பாடம் நடக்கிறது?" என்று அப்பா கேட்டால் பதில் இல்லை. ரேங்க் இல்லை. புத்தகமும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவிடம் மதிப்பெண் பட்டியலை நீட்டித்தான் என்ன பயன்? தராசும் அளவுநாடாவும் அந்த இடத்துக்கு வந்தன. அம்மாக்கள் பார்வையாளர்களாக மட்டும் வருவதில்லை. வகுப்பில் உட்கார்ந்து கதை சொல்வார்கள்; அந்தக் கதைகளில் சில வாசிப்புப் பாடமாகவும் ஆகியிருக்கின்றன.

வெளியூர் விருந்தாளிகளுக்கும் குறைவில்லை. 1995-ல் மைசூர் மாவட்டம் எச்.டி. கோட்டையிலிருந்து வந்த ஆசிரியர்கள் ஊர் திரும்பித் தொடங்கியதுதான் கர்நாடகத்தின் 'நலி கலி'. ஜெர்மனியிலிருந்து ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் வந்தார்கள். எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்த சென்னை மாநகராட்சி, 2003-ல் 13 பள்ளிகளில் இதைச் சோதித்தது. 2007-08-ல் அதுவே செயல்வழிக் கற்றலாகத் தமிழ்நாடு முழுவதும் பரவியது.

அட்டைகளும் ஏணியும் சுலபமாக ஊர் மாறின. மேளா அவ்வளவாகப் போகவில்லை. விளைவு, "வீட்டுப்பாடமே இல்லை, பிள்ளைகள் விளையாடிக்கொண்டே இருக்கிறார்கள்" என்ற புகாருக்குத் தமிழக ஆசிரியர்கள் பல வருடம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. முறையில் கோளாறு என்பதைவிட, அதைப் பெற்றோருக்குக் காட்டாததுதான் கோளாறு.

பெற்றோரை உள்ளே அழைக்க இன்று சட்டமே இருக்கிறது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். ஆந்திர அரசு 2024 டிசம்பர் 7 அன்று மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் ஒரே நாளில் பெற்றோர் - ஆசிரியர் கூட்டம் நடத்தியது. முதல்வர் சந்திரபாபு நாயுடு பாபட்லா பள்ளிக்கு வந்தார். கோலப் போட்டி, மதிய விருந்து என்று திருவிழாக் களை.

முன்னேற்ற அட்டையும் கைக்கு வந்தது. அதைப் படிக்கத் தெரியாத அம்மா, ஆசிரியர் சொன்னதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மேளாவில் அந்தச் சிரமம் இல்லை. சில்லறையில் ஒரு ரூபாய் குறைந்தாலும் தக்காளி வாங்கியவர் அங்கேயே நின்று கேட்டுவிடுவார்.