தனியாக மாற முடியாத மாற்றம்

பெண்ணாடம் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். கடைக் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். மனு அடிப்பது லிப்ரே ஆபீஸில். எல்லாம் கட்டற்ற மென்பொருள்கள். அவற்றின் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். இவற்றுக்காக நான் யாரையும் கூட்டுச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. மனு சரியாக இருந்தால் போதும், எதில் அடித்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

அவற்றைப் போலவே கட்டற்றதான சிக்னல் என்ற செய்திச் செயலிக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. "அதான் வாட்ஸ்அப் இருக்கே அக்கா, இன்னொண்ணு எதுக்கு?" என்பார்கள். அடுத்து, "என்கிட்ட மறைக்க என்ன இருக்கு?"

வாட்ஸ்அப்பிலும் செய்தி, இடையில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுத்தான் போகிறது. 2016 முதல் அது பயன்படுத்துவதே சிக்னல் உருவாக்கிய பூட்டுமுறையைத்தான். ஆனால் யார் யாரோடு தொடர்பில் இருக்கிறார், எந்தக் குழுவில் இருக்கிறார் என்ற விவரம் அதை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்குத் தெரியும். அதே 2016-இல் அமெரிக்காவில் ஒரு வழக்குக்காக விவரம் கேட்கப்பட்டபோது, சிக்னலால் கொடுக்க முடிந்தவை இரண்டுதான்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். மற்றதை அது சேர்த்து வைப்பதே இல்லை.

மறைக்க ஒன்றுமில்லை என்பவர்களிடம் நான் கடன் செயலிகளைப் பற்றிச் சொல்வேன். அவற்றை நடத்தியவர்கள் கடன் வாங்கியவரின் போனிலிருந்து எண்களை எடுத்து, உறவினர், தெரிந்தவர் எல்லாரையும் கூப்பிட்டு அவமானப்படுத்தினார்கள். தொடர்பு எண்களை அந்தச் செயலிகள் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட வேண்டி வந்தது. நம் போனில் இருப்பது நம் ரகசியம் மட்டுமல்ல. நம்மை நம்பி எண் கொடுத்த அத்தனை பேருடையதும்.

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் புதிய நிபந்தனைகளை அறிவித்ததும் உலகமே சிக்னலுக்கு ஓடியது. கூட்டம் தாங்காமல் ஜனவரி 15 அன்று அதன் சர்வரே நின்றுபோனது. என் போனிலும் தெரிந்தவர்கள் பலர் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் தங்கவில்லை. பிள்ளையின் பள்ளிக் குழுவும் சிங்கப்பூர் மாமாவும் வாட்ஸ்அப்பிலேயே இருக்கும்போது எப்படித் தங்குவார்கள்?

இதை மக்களின் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. ஏற்றுக்கொள், இல்லையேல் வெளியேறு என்ற அந்த நிபந்தனை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதே என்று இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் சொல்லி, மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியேற வழியில்லாதவரிடம் கேட்கும் சம்மதம் சம்மதமே அல்ல.

வழி இரண்டு. ஏர்டெல் எண்ணிலிருந்து பிஎஸ்என்எல் எண்ணுக்குப் பேச முடிகிறதல்லவா? செயலிகளுக்கும் அப்படி வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம், பிற செயலிகள் கேட்டால் வாட்ஸ்அப் கதவைத் திறக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டிலும் அது சட்டமாக வேண்டும்.

அதுவரை, ஆள் ஆளாகக் கூப்பிடுவதை விட்டுக் குழுவாக நகர்வதுதான் நடக்கிறது. எங்கள் மகளிர் குழுவின் கடன், தவணைப் பேச்சு இப்போது சிக்னலில்தான். ஒவ்வொருவர் போனிலும் நானே ஏற்றிக் கொடுத்தேன். வாட்ஸ்அப்பை நீக்கச் சொல்லவில்லை. பணப் பேச்சை மட்டும் இங்கே வைத்துக்கொள்வோம் என்றேன். பேச வேண்டிய ஆட்கள் இங்கே இருப்பதால் யாரும் திரும்பிப் போகவில்லை. நீங்களும் ஊரையே மாற்ற நினைக்காதீர்கள். தினமும் பேசியே தீர வேண்டிய ஒரு சிறு குழுவைத் தேர்ந்தெடுங்கள். எல்லாரையும் ஒரே நாளில் உட்காரவைத்து மாற்றுங்கள்.