தட்டைத் துடைத்தால் பாட்டு தெளியுமா?

எல்.பி. இசைத்தட்டின் உட்சுற்றுகளில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை பிடிக்கும் இடம் சுமார் 20 மைக்ரான். தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய அதைப்போல் மூன்று மடங்கு இருக்கும். அங்கே 10 மைக்ரான் தூசி ஒன்று கிடந்தால், வண்டிப்பாதையில் பாறாங்கல் கிடந்த கதைதான். ஊசி அதில் இடித்துக் குதிக்கிற சத்தமே நாம் கேட்கும் 'டிக்'. ஊசி தட்டின் மேல் அழுந்தும் பாரம் 2 கிராம் அளவுதான். ஆனால் அது தொடும் பரப்பு மிக நுண்ணியது என்பதால், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு டன் கணக்கில் போகிறது. அந்த அழுத்தத்தில் தூசி வினைலுக்குள் பதிந்துவிட்டால் பிறகு எந்தத் துடைப்பும் உதவாது.

ஆகவே பதிவதற்கு முன்பே துடைக்கத்தான் வேண்டும். எதைக் கொண்டு என்பதில்தான் வம்பு.

உலர்ந்த துணி மோசம். வினைல் என்பது பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக், தேய்த்தால் எதிர்மின்னூட்டம் ஏறி, விரட்டிய தூசியைத் தானே திரும்ப இழுத்துக்கொள்ளும். கார்பன் இழை பிரஷ் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அந்த மின்னூட்டத்தை ஓரளவு இறக்கிவிடுகிறது. அன்றாடத்துக்கு அது போதும். விரல் பட்ட எண்ணெய்ப்பசையிடம் மட்டும் அதன் பாச்சா பலிக்காது.

பசைக்கு ஈரம் வேண்டும். 1970களில் ஐரோப்பாவில் 'லென்கோகிளீன்' என்றொரு கருவி விற்றது. தட்டு ஓடும்போதே ஆல்கஹால் கலந்த நீரைப் பள்ளத்தில் விட்டுக்கொண்டு போகும். ஈரத்தில் பாட்டு இரைச்சலில்லாமல் கேட்கும், உண்மைதான். நீர் காய்ந்ததும் கரைந்த அழுக்கு பள்ளத்தின் அடியிலேயே படியும். அடுத்த முறை ஈரமில்லாமல் ஓடவிட்டால் ஒரே கரகரப்பு. பழைய தட்டு வாங்குவோர் இன்றும் இப்படி நனைத்துக் கேட்ட தட்டுகளைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார்கள்.

பிரிட்டனின் கீத் மங்க்ஸ் இந்தச் சிக்கலைச் சரியாகப் பிடித்தவர். 1960களின் இறுதியில் வந்த அவருடைய இயந்திரம் கழுவிய நீரை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்துவிடும். குழாய் முனைக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு நூல் சிறிது சிறிதாக நகர்ந்துகொண்டே இருக்கும்; அழுக்கான நூல் மறுபடி தட்டைத் தொடாது. திரவத்துக்கு எவ்வளவு செலவழித்தோம் என்பதைவிட, அதை எவ்வளவு மிச்சமில்லாமல் எடுத்தோம் என்பதே முக்கியம் என்பேன்.

வீட்டில் கழுவுவோர் போர் தண்ணீரைத் தொடவே வேண்டாம். காய்ந்தால் உப்பு படியும். காய்ச்சி வடித்த நீரில், மின்னூட்டமற்ற வகை அழுக்கு நீக்கித் திரவம் சில சொட்டு. பிறகு அதே வகை நீரில் நன்றாக அலச வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் கலந்து பயன்படுத்தும் 'டெர்ஜிடால்' இந்த வகைதான்.

பாகவதர் காலத்து 78 ஆர்.பி.எம். தட்டு கையில் இருந்தால் மட்டும் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துப் பூட்டி வையுங்கள். அவை வினைல் அல்ல, அரக்குத் தட்டுகள். தச்சர்கள் கதவுக்குப் பாலிஷ் போடுவதே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான். தட்டும் அப்படியே கரையும்.