சிறு செயற்கூறுகளும் நிரல்பெயர்ப்பியின் வேகமும்

மனிதர் எழுதும் நிரலைக் கணிப்பொறி யந்திரத்தின் கட்டளைகளாக மாற்றித் தரும் நிரலுக்குக் கம்பைலர், அதாவது நிரல்பெயர்ப்பி, என்று பெயர். ஐ.பி.எம். 704 யந்திரத்திற்கென ஜான் பாக்கஸும் அவருடைய குழுவினரும் ஆக்கிய ஃபோர்ட்ரான் நிரல்பெயர்ப்பி 1957-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் பின்னர் எத்தனையோ நிரல்மொழிகள் தோன்றியுள்ளன. ஆயினும் நிரல்பெயர்ப்பி முதற்கண் செய்ய வேண்டிய காரியம் மாறவில்லை. மூலநிரலை எழுத்தெழுத்தாகப் படித்து, எழுத்துக்களைச் சொற்களாகச் சேர்த்து, அச்சொற்கள் அம்மொழியின் இலக்கணத்திற்கு இசைய அமைந்துள்ளனவா என்று அது ஆராய வேண்டும். இப்பணியைச் செய்யும் பகுதி இக்கட்டுரையில் பகுப்பி எனப்படும்.

பகுப்பியை எழுதுவோர் அதனைச் சிறு சிறு செயற்கூறுகளாகப் பிரித்து எழுதுவது வழக்கம். அடுத்த எழுத்து யாது என்று பார்ப்பதற்கு ஒன்று, ஓரெழுத்து முன்னேறுவதற்கு ஒன்று, பார்த்த எழுத்து இலக்கமா என்று சோதிப்பதற்கு ஒன்று என அவை அமையும். படிப்பவர்க்குத் தெளிவும், பிழை நீக்குவோர்க்கு வசதியும் இதனால் உண்டாகின்றன. ஆசிரியர்கள் மாணவர்க்குக் கற்பிக்கும் முறையும் இதுவே. ஆனால் இத்தெளிவிற்கு யந்திரம் ஒரு விலை கொடுக்கிறது.

ஒரு செயற்கூற்றை அழைப்பதென்றால், திரும்பி வர வேண்டிய இடத்தைக் குறித்து வைத்தல், மதிப்புக்களை உரிய இடத்தில் இடுதல், பதிவகங்களில் உள்ளவற்றைப் பத்திரப்படுத்தல், அங்கே தாவுதல், வேலை முடிந்தபின் திரும்புதல் ஆகிய அனைத்தும் நடைபெற வேண்டும். (கேம்பிரிட்ஜில் 1949-இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் யந்திரத்தில், திரும்பி வரும் இடத்தை நினைவில் வைப்பதற்கே டேவிட் வீலர் தனியொரு உபாயம் வகுக்க வேண்டியிருந்தது.) செயற்கூறு பெரிதாயின் இச்செலவு பொருட்படுத்தத் தக்கதன்று. உள்ளே செய்யும் வேலை ஓர் ஒப்பீடு மட்டுமே எனில் நிலைமை வேறு. இரண்டு எண்களைக் கூட்டுவதற்காகக் கோப்பைக் கட்டிப் பக்கத்து அறைக்கு அனுப்பி, கையொப்பத்துடன் திரும்பப் பெறும் அலுவலகத்தின் நிலைதான் அது.

உதாரணமாக, 10 லட்சம் எழுத்துக்கள் கொண்ட மூலநிரலில் எழுத்தொன்றுக்கு மேற்கூறிய மூன்று அழைப்புக்கள் நேர்வதாகக் கொள்வோர் 30 லட்சம் அழைப்புக்களைக் காண்பர். அழைப்பின் சடங்குக்கு மட்டும் ஐந்து கட்டளைகள் வீதம் செலவானால், ஒன்றரைக் கோடிக் கட்டளைகள் ஒரு பயனுமின்றி நிறைவேறுகின்றன.

இதற்குப் பரிகாரம் உள்வரியாக்கம் ஆகும். அதாவது, அழைக்கும் இடத்திலேயே செயற்கூற்றின் உடலைப் பொருத்திவிடுவது. மூலநிரலில் செயற்கூறு தனியாகவே நிற்கும். யந்திரக் கட்டளைகளில் மட்டும் அது கரைந்துவிடும். அழைப்பின் செலவு நீங்குவது முதற்பயன். அதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. இரு பகுதிகளும் ஒன்றாகக் கண்ணில் படுவதால், தற்போதைய எழுத்தைப் பதிவகத்திலேயே வைத்துக்கொள்ளவும், ஒரே சோதனை இருமுறை நிகழ்வதைத் தவிர்க்கவும் நிரல்பெயர்ப்பிக்கு வழி பிறக்கிறது.

இவ்வழி புதிதன்று. யூனிக்ஸில் ஓர் எழுத்தைப் படிக்கும் 'கெட்சி' என்பது 1970-களின் பிற்பகுதியிலேயே மாக்ரோவாக, அதாவது உடலை அப்படியே பிரதி செய்யும் சுருக்கெழுத்தாக, அமைந்திருந்தது. இடைநிலைச் சேமிப்பில் எழுத்து இருக்கும்வரை எண்ணிக்கையை ஒன்று குறைத்து எழுத்தைத் தந்துவிடும். சேமிப்பு காலியானால் மட்டுமே உண்மையான செயற்கூறு ஒன்றை அழைக்கும். அடிக்கடி நேர்வதை உள்ளே வைத்து, அரிதாய் நேர்வதை வெளியே நிறுத்திய இந்த ஏற்பாடு இன்றைக்கும் பின்பற்றத் தக்கது. மாக்ரோவில் ஓர் ஆபத்தும் உண்டு; அதற்குக் கொடுத்த கோவை ஒருமுறைக்கு மேல் கணக்கிடப்படலாம். உள்வரிச் செயற்கூற்றில் இக்குறை இல்லை. சி++ மொழியில் தொடக்கத்திலிருந்தே இருந்த அவ்வசதி, சி மொழியின் 1999-ஆம் ஆண்டுத் தரத்திலும் இடம்பெற்றது. எனினும் அச்சொல் ஒரு வேண்டுகோளே. முடிவு செய்வது நிரல்பெயர்ப்பி.

எல்லாவற்றையும் உள்வரியாக்கினால் என்ன என்று கேட்கலாம். கட்டளைகளின் அளவு பெருகிவிடும். பல செயலிகளில் கட்டளைகளுக்கென அமைந்த முதல்நிலை விரைவு நினைவகம் 32 கிலோபைட் அளவினதே. பகுப்பியின் முக்கியச் சுற்று அதற்குள் அடங்காமற்போனால், மிச்சப்படுத்திய காலம் காத்திருப்பில் கழிந்துவிடும்.

வேறொரு சந்தர்ப்பத்தில் இப்பரிகாரமே பொருந்தாது. சி மொழியில் கணிதக் குறிகளின் முன்னுரிமை ஏறத்தாழ 15 படிகளைக் கொண்டது. படிக்கொரு செயற்கூறு வீதம் எழுதப்பட்ட பகுப்பியில், 5 என்ற தனி எண்ணைப் படிப்பதற்கும் அத்தனை படிகளையும் இறங்கியாக வேண்டும். அடைப்புக்குறி வந்தால் கடைசிச் செயற்கூறு முதற்செயற்கூற்றை மறுபடி அழைப்பதால், இவற்றை முழுமையாக உள்வரியாக்க இயலாது. அங்கே முறையையே மாற்றி, முன்னுரிமையை ஓர் எண்ணாகக் கொண்டு ஒரே செயற்கூறு சுற்றிவரும்படி எழுதுவதே சிறந்தது.

வகுப்பில் இதனைச் சோதித்துக் காட்ட விரும்பும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜி.சி.சி. நிரல்பெயர்ப்பியில் மேம்பாட்டுத் தேர்வு எதுவும் கொடுக்காவிடில், கட்டாயப்படுத்திக் குறித்தவை தவிர எதுவும் உள்வரியாவதில்லை. ஆகவே ஓ-2 என்னும் தேர்வுடன் பெயர்த்தே காலத்தை அளக்க வேண்டும். ஒவ்வொரு செயற்கூறும் எடுத்துக்கொண்ட காலத்தைப் பட்டியலிடும் கருவிகளை உபயோகிக்கும்போது, உள்வரியான செயற்கூறு அப்பட்டியலில் காணப்படாமற்போகலாம். அதன் காலம் அழைத்த செயற்கூற்றின் கணக்கிலேயே சேர்ந்திருக்கும்.